விளையாட்டு ஓடினால் போதுமா? கன்சோல் டிஸ்க்குகளை ஒரு பைட் பிசகாமல் நகலெடுப்பது பற்றி

வட்டுப்பெட்டி எழுதியது:

பழைய பிளேஸ்டேஷன் டிஸ்க்குகளைக் கணினிக்கு மாற்றும் வேலையை இங்கே பலர் மும்முரமாகச் செய்துவருகிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் பெரும்பாலான பதிவுகள் "கன்சோல் போல இயங்கும் எமுலேட்டர் மென்பொருளில் போட்டுப் பார்த்தேன், ஓடுகிறது" என்பதோடு முடிந்துவிடுகின்றன. மறுநாளே அந்த டிஸ்க் விற்பனைப் பகுதிக்கு வந்துவிடுகிறது. பார்க்கும்போது வயிற்றைக் கலக்குகிறது. மூலத்தைக் கைவிடுவதற்கு முன் நகல் உண்மையில் முழுமையானதா என்று யாரும் கேட்பதில்லை.

அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். சிடியில் தரவு செக்டர் என்னும் சிறு துண்டுகளாக இருக்கும். ஒரு செக்டரில் 2352 பைட் இருக்கிறது. டிஸ்க்கின் நகலாக வழக்கமாக எடுக்கும் ஐஎஸ்ஓ கோப்பு அதில் 2048 பைட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். அலுவலகக் கோப்புகள் எழுதிய சிடிக்கு அது போதும். பிளேஸ்டேஷன் 1 டிஸ்க்குக்குப் போதவே போதாது. அதில் காணொளியும் ஒலியும் இருக்கும் செக்டர்கள் வேறு வகை. பிழைதிருத்தத்துக்கு ஒதுக்கும் இடத்தையும் தரவுக்கே கொடுத்து, செக்டருக்கு 2324 பைட் வைத்திருப்பார்கள். ஐஎஸ்ஓவாக எடுத்தால் அப்படிப்பட்ட ஒவ்வொரு செக்டரிலும் 276 பைட் போய்விடும். முகப்புக் காட்சி சிதறும், ஒலி கரகரக்கும்.

இது கண்ணுக்கும் காதுக்கும் தெரிகிற இழப்பு என்பதால் இதையாவது கண்டுபிடித்துவிடலாம். தெரியாமல் போகிறவை இதைவிட அதிகம். டிஸ்க்கை விற்கும் முன் நீங்கள் எதை வைத்து நகலைச் சரிபார்க்கிறீர்கள்? எல்லோரும் எழுதுங்கள்.


மஞ்சள்வெயில் எழுதியது:

அண்ணா, நான் ஐஎஸ்ஓ எடுப்பதில்லை. முழுச் செக்டர்களும் ஒரு கோப்பில், ட்ராக் பட்டியல் இன்னொரு கோப்பில் என்று வரும் பின்–கியூ வடிவில்தான் எடுக்கிறேன். 2352 பைட்டும் வருகிறது. எடுத்த பிறகு தொடக்கத்திலிருந்து முடிவுவரை விளையாடியும் பார்க்கிறேன். பாட்டு கேட்கிறது, காட்சி வருகிறது, சேமித்த இடத்திலிருந்து தொடரவும் முடிகிறது. இதற்கு மேல் ஒரு சாதாரண ஆள் என்ன செய்ய வேண்டும்? அருங்காட்சியகம் செய்ய வேண்டிய வேலையை வீட்டில் உட்கார்ந்து நாம் ஏன் செய்ய வேண்டும்? சண்டைக்காகக் கேட்கவில்லை. வேலைக்குப் போய்வந்து கிடைக்கும் நேரத்தில்தான் இதைச் செய்கிறேன். அதனால்தான் கேட்கிறேன்.


செக்டர்75 எழுதியது:

மஞ்சள்வெயில், பின்–கியூ எடுப்பது பாதிக் கிணறு தாண்டுவது. மீதிப் பாதி ஒலி ட்ராக்குகளில் இருக்கிறது.

ரிட்ஜ் ரேசர் விளையாடியிருப்பீர்கள். அந்த விளையாட்டு முழுவதும் நினைவகத்தில் ஏறிவிடும். பிறகு டிஸ்க்கிலிருந்து வருவது பாட்டு மட்டும்தான். அதனால் டிஸ்க்கை எடுத்துவிட்டு வீட்டில் இருக்கும் எந்தப் பாட்டு சிடியையும் போட்டு அந்த இசையோடு ஓட்டலாம். காரணம், இசை அங்கே சாதாரண ஒலிச் சிடி ட்ராக்குகளாகவே இருக்கிறது. அந்தக் காலத்தில் சேகா சாட்டர்ன், பிசி எஞ்சின் சிடி விளையாட்டுகளிலும் இதே ஏற்பாடு நிறைய உண்டு.

சிக்கல் இங்கேதான். தரவுச் செக்டர் ஒவ்வொன்றின் தலைப்பிலும் அதன் முகவரி எழுதியிருக்கும். ஒலிச் செக்டரில் முகவரி கிடையாது, 2352 பைட்டும் ஒலிதான். எனவே ஒலி எங்கே தொடங்குகிறது என்பதில் ஒவ்வொரு மாடல் டிரைவும் தன் போக்கில் சற்று முன்னேயோ பின்னேயோ நிற்கும். இதைத்தான் ரீட் ஆஃப்செட் என்கிறோம். பிளெக்ஸ்டரின் பிஎக்ஸ்-760ஏ போன்ற மாடல்களுக்குத் திருத்தம் +30 சாம்பிள் (சாம்பிள் என்பது ஒலியின் ஒரு அளவீடு). செக்டருக்கு 588 சாம்பிள், சாம்பிளுக்கு 4 பைட். ஆக 120 பைட் விலகல். நேரத்தில் பார்த்தால் ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவு. காதுக்குத் தெரியவே தெரியாது.

ஆனால் அந்த விலகலைத் திருத்தாமல் விட்டால் எல்லா ஒலி ட்ராக்குகளும் நகர்ந்துவிடுகின்றன. ஒரு ட்ராக்கின் வால் அடுத்த ட்ராக்கின் தலையில் ஒட்டிக்கொள்ளும். விளிம்பில் இருக்கும் ட்ராக்கில் சில பைட்டுகள் அறவே போய்விடும். உங்கள் டிரைவில் எடுத்த நகலும் என் டிரைவில் எடுத்த நகலும் ஒன்றோடொன்று பொருந்தாது. வேறுபாட்டில் எது டிஸ்க்கால் வந்தது, எது டிரைவால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

இதோடு முடியவில்லை. தொழிற்சாலையில் மூலத் தகடு தயாரித்தபோதே அவர்கள் கருவியால் ஏற்பட்ட விலகலும் டிஸ்க்கில் பதிந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. சிடியில் தரவுச் செக்டர்களை அப்படியே எழுதுவதில்லை, ஒரு நிலையான வரிசையோடு கலைத்துத்தான் எழுதுவார்கள். டிரைவ் அதை நேராக்கித் தருவதற்குள், கலைந்த நிலையிலேயே, ஒலியைப் படிப்பது போலப் படித்துவிட வேண்டும். முதல் தரவுச் செக்டரின் 12 பைட் அடையாள வரிசை எதிர்பார்த்த இடத்திலிருந்து எத்தனை சாம்பிள் தள்ளி நிற்கிறது என்று எண்ண வேண்டும். டிரைவின் விலகலும் தொழிற்சாலையின் விலகலும் சேர்ந்த தொகை அதுதான். டிஸ்க்இமேஜ்கிரியேட்டர், ரீடம்பர் ஆகிய மென்பொருள்கள் இதைத் தாமே கணக்கிட்டுத் திருத்திவிடும். பழைய பிளெக்ஸ்டர் டிரைவ்களை இன்றும் மக்கள் தேடி வாங்குவதற்குக் காரணம், அவை தரவைக் கலைந்த நிலையிலேயே மறுக்காமல் கொடுக்கும்.


மஞ்சள்வெயில் எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி. இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. ஆனாலும் கேள்வி நிற்கிறது. காதுக்கே தெரியாத 120 பைட் போனால் யாருக்கு என்ன நஷ்டம்?


வட்டுப்பெட்டி எழுதியது:

நஷ்டம் 120 பைட்டில் இல்லை தம்பி. ஒப்பிட முடியாமல் போவதுதான் நஷ்டம். நான் சொல்ல வருவதெல்லாம் இந்த ஒன்றுதான்: ஒரு டிஸ்க் தனக்குத் தானே சாட்சி சொல்ல முடியாது.

ஓர் உண்மையான நிகழ்வைச் சொல்கிறேன். சிடியில் முக்கியத் தரவோடு கூடவே எட்டுத் துணைத் தடங்கள் ஓடுகின்றன. அவற்றில் கியூ என்ற தடம் (பின்–கியூவில் வரும் கியூ வேறு), இது எந்த ட்ராக், எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது நொடி என்று செக்டர்தோறும் சொல்லிக்கொண்டே வரும். அது சரியாகப் படிக்கப்பட்டதா என்று பார்க்க 16 பிட் சரிபார்ப்பு எண்ணும் அதிலேயே இருக்கும். ஐரோப்பாவில் வெளியான சில பிளேஸ்டேஷன் விளையாட்டுகளில் லிப்கிரிப்ட் என்ற பாதுகாப்பு இருந்தது. ஃபைனல் ஃபேன்டசி 8, 9 ஆகியவற்றின் ஐரோப்பியப் பதிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட சில செக்டர்களில் கியூ தடத்தை வேண்டுமென்றே பிழையாக அச்சிட்டிருப்பார்கள். விளையாட்டு அந்தப் பிழைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்து, அதிலிருந்து 16 பிட் சாவி ஒன்றை உருவாக்கும். பிழை இல்லாவிட்டால் சாவி தவறு. உடனே நிற்காது, எங்கேயோ ஓரிடத்தில் நின்றுபோகும்.

சாதாரண பின்–கியூ நகலில் கியூ தடமே கிடையாது. படிக்கும்போது டிரைவ் அதைப் "பிழை" என்று எடுத்துக்கொண்டு ஒழுங்காக்கிவிடும். ஆகவே அந்தப் பிழை இருந்ததற்கான தடயம்கூட மிஞ்சாது. அதனால்தான் இவ்வகை விளையாட்டுகளுக்கு எஸ்பிஐ என்ற சிறு கோப்பு தனியாக வைத்திருக்கிறார்கள். எந்தெந்தச் செக்டரில் கியூ மாறியிருக்கிறது என்பது மட்டும் அதில் இருக்கும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். உங்கள் டிஸ்க்கில் கீறல் விழுந்தாலும் கியூ தடத்தில் பிழைதான் வரும். தயாரித்தவர் வேண்டுமென்றே வைத்த பிழையும் பிழைதான். ஒரே டிஸ்க்கை வைத்துக்கொண்டு எது கீறல், எது பாதுகாப்பு என்று எத்தனை முறை படித்தாலும் முழு உறுதியோடு சொல்ல முடியாது. வேறொரு ஊரில், வேறொருவர் வீட்டில் இருந்த அதே விளையாட்டின் இன்னொரு பிரதியை எடுத்துப் படித்தால் அந்த நொடியே தெரிந்துவிடும். கீறல் இரண்டிலும் ஒரே இடத்தில் விழாது. அச்சிட்ட பிழை இரண்டிலும் ஒரே இடத்தில்தான் இருக்கும்.

உ.வே.சாமிநாதையர் ஒரு நூலைப் பதிப்பிக்க ஊர் ஊராகப் போய்ப் பல சுவடிகளைத் தேடியது இதற்காகத்தானே? ஒரே சுவடியில் செல்லரித்த இடமும் புலவர் எழுதிய இடமும் குழம்பிப்போகும். நமக்கு அவரைவிட வேலை எளிது. ஒரே அச்சில் வந்த டிஸ்க்குகளில் பாடபேதமே இருக்கக் கூடாது. இருந்தால் ஒன்று சேதம், அல்லது வேறு பதிப்பு.

ரீடம்ப் தளம் இந்த அடிப்படையில்தான் நடக்கிறது. அங்கே விளையாட்டுக் கோப்பு எதுவும் கிடைக்காது. கோப்பின் அளவு, ட்ராக் பட்டியல், கோப்பின் எல்லா பைட்டுகளிலிருந்தும் கணக்கிடும் சிஆர்சி-32, எம்டி5, எஸ்எச்ஏ-1 என்ற சரிபார்ப்பு எண்கள், டிஸ்க்கின் மேல் இருக்கும் குறியீடுகள் மட்டும் பதிவாகியிருக்கும். வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு பிரதிகளிலிருந்து எடுத்தவை ஒரே எண்ணைக் கொடுத்தால்தான் அது சரிபார்க்கப்பட்டது என்று ஏற்கிறார்கள். எனவே டிஸ்க்கை விற்கும் முன் குறைந்தபட்சம் உங்கள் எண்ணை அங்கே உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் நிம்மதியாக விற்கலாம்.


முதல்நிலை எழுதியது:

"தேவையில்லாத" பகுதியை நீக்கி இடத்தை மிச்சப்படுத்துவது பற்றியும் சொல்ல வேண்டும். இங்கேயே பலர் அப்படிச் செய்கிறார்கள்.

டைகர் வுட்ஸ் 99 என்ற கோல்ஃப் விளையாட்டின் பிளேஸ்டேஷன் டிஸ்க்கில், இடத்தை நிரப்புவதற்காக வைத்த ஒரு வெற்றுக் கோப்பு இருந்தது. டிஸ்க்கைக் கணினியில் போட்டுப் பார்த்தவர்கள் அந்தக் கோப்பைத் திறந்தபோது சவுத் பார்க் தொடருக்கு முன்னோடியான குறும்படம் அதில் இருப்பதைக் கண்டார்கள். விளையாட்டுக்குள் எந்த வழியாகவும் அதை அடைய முடியாது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 1999 ஜனவரியில் சுமார் 1,00,000 பிரதிகளைத் திரும்பப் பெற்றது. நீக்கிய பதிப்பு பிறகு வந்தது. "நிரப்புக் கோப்புதானே" என்று ஒருவர் வெட்டியிருந்தால் வரலாற்றின் இந்தத் துண்டு அவர் நகலில் இருக்காது. விளையாட்டோ பிரமாதமாக ஓடும்.

நின்டெண்டோவின் வீ, கேம்கியூப் கன்சோல் டிஸ்க்குகளில் காலி இடம் என்று தோன்றுவது சூனியமாக இருக்காது. கணக்கின் மூலம் உருவாக்கிய போலித் தற்செயல் எண்களால் நிரம்பியிருக்கும். அதனால் சாதாரணமாகச் சுருக்கினால் கோப்பு சிறிதாகாது. முன்பு மக்கள் அதைத் துடைத்துவிட்டுச் சேமித்தார்கள். அப்படித் துடைத்ததில் எண் பொருந்தாது. டால்பின் எமுலேட்டரில் 2020இல் வந்த ஆர்விஇசட் வடிவம் அந்த நிரப்பலை உருவாக்கிய தொடக்க எண்ணான விதையை மட்டும் சேமித்து, வேண்டும்போது பைட் பிசகாமல் திரும்ப உருவாக்கிக் கொடுக்கும். கோப்பும் சிறிதாகிறது, எதுவும் போகவும் இல்லை. சிடிக்கும் டிவிடிக்கும் சிஎச்டி என்ற சுருக்க வடிவம் இருக்கிறது, அதிலும் இழப்பு கிடையாது. இடம் போதவில்லை என்ற காரணத்துக்காக இனி யாரும் வெட்ட வேண்டியதில்லை.


உப்புக்காற்று எழுதியது:

நான் டிஸ்க் மெருகேற்றும் வேலை செய்கிறேன். கடலோர ஊர். வருகிற டிஸ்க்குகளைப் பார்த்துச் சொல்கிறேன், எல்லோரும் அடிப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்தி வைக்கிறார்கள். சிடியில் ஆபத்து மேல்பக்கம்தான். 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் முழுவதும் அடியில் இருக்கிறது. அலுமினியப் பூச்சு அதன் மேல், அதற்கும் மேல் மெல்லிய அரக்குப் பூச்சு, அதன் மேல் படம். அடியில் விழும் கீறலை மெருகேற்றி எடுத்துவிடலாம். படத்தின் பக்கம் நகம் அழுத்தமாகப் பட்டாலே அலுமினியம் பெயர்ந்துவிடும். பெயர்ந்த இடத்தில் இருந்த தரவு போனது போனதுதான். டிவிடியில் இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளை ஒட்டியிருப்பதால் பூச்சு நடுவில் பத்திரமாக இருக்கும். ஆனால் ஓரத்தில் பசை விட்டால் காற்று உள்ளே போகும்.

டிஸ்க்கை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அங்கே பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். விளிம்பிலிருந்து பழுப்பு நிறம் உள்நோக்கிப் பரவியிருந்தால் அன்றே நகலெடுங்கள், நாளைக்குத் தள்ளாதீர்கள். இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருந்த பிடிஓ ஆலையில் 1988 முதல் 1993 வரை அச்சான இசைச் சிடிகள் பல இப்படித்தான் வெண்கல நிறமாகி வீணாகின. அங்கே பூசிய அரக்கு, உறைத் தாளில் இருந்த கந்தகத்தைத் தடுக்கவில்லை. பெலிஸ் நாட்டின் ஈரப்பதத்தில் சிடியைத் தின்ற பூஞ்சையை ஸ்பானிய ஆய்வாளர்கள் 2001இல் கண்டுபிடித்தார்கள். நம் பக்கத்து ஈரமும் அதற்குச் சளைத்ததல்ல.

பற்பசை போட்டுத் தேய்க்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். வெதுவெதுப்பான நீர், மென்மையான துணி, நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோட்டில். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் போக்கிலேயே விழும். அப்போது பிழைதிருத்தம் கைவிட்டுவிடும். குறுக்கே விழும் கீறலை அது சமாளிக்கும்.


கோலிசோடா எழுதியது:

இந்த இழையைப் படித்த பிறகு என் அலமாரியை வேறு கண்ணோடு பார்க்கிறேன். என்னிடம் ஜப்பான், அமெரிக்க டிஸ்க்குகள் அதிகம் இல்லை. ஆனால் பிளேஸ்டேஷன் 2க்கு இந்தியாவுக்கென்றே வந்தவை இருக்கின்றன. ஹைதராபாத்தில் உருவாக்கிய "ஹனுமான்: பாய் வாரியர்" 2009இல் வந்தது. அதே ஆண்டில் கபடி, கோலி, பட்டம் எல்லாம் சேர்ந்த "தேசி அட்டா". பிறகு தெருக் கிரிக்கெட். 2011இல் "ரா.ஒன்", 2013இல் "டான் 2", இரண்டும் படத்தை ஒட்டிய விளையாட்டுகள். டான் 2 வந்தபோது சோனி பிளேஸ்டேஷன் 2 உற்பத்தியையே நிறுத்திவிட்டிருந்தது.

இவற்றை வெளிநாட்டுச் சேகரிப்பாளர் யாரும் வலைவீசித் தேடப்போவதில்லை. நம் ஊர்களில் அன்று பெரும்பாலோர் வாங்கியது நகல் டிஸ்க்கையும் ஓட்டவைக்கும் மோட்சிப் சில்லு பொருத்திய கன்சோலும் கடைத்தெரு நகல் டிவிடியும்தான். அசல் டிஸ்க் வாங்கியவர்கள் சிலரே. கடைத்தெரு நகலையே மூலமாகக் கொள்ள முடியுமா? பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்குகளை எப்படி எடுப்பது? பிளெக்ஸ்டர் டிரைவுக்கு நான் எங்கே போவேன்?


செக்டர்75 எழுதியது:

கடைத்தெரு நகலை மூலமாகக் கொள்ளவே கூடாது. காணொளியைச் சுருக்கியிருப்பார்கள், வேற்றுமொழிக் குரல்களை நீக்கியிருப்பார்கள், பாதுகாப்பை உடைக்க நிரலையே திருத்தியிருப்பார்கள். கடைத்தெருவில் என்ன புழங்கியது என்பதற்கு அது நல்ல ஆவணம். அந்தப் பெயரிலேயே தனியாகச் சேமியுங்கள், அசலோடு கலக்க வேண்டாம்.

பிளேஸ்டேஷன் 2 டிவிடி என்றால் கவலை வேண்டாம். சாதாரண கணினி டிவிடி டிரைவே படிக்கும். டிவிடியில் செக்டருக்கு 2048 பைட்தான் டிரைவ் வெளியே தருகிறது, ஒலி ட்ராக் சிக்கலும் கிடையாது. இரண்டு அடுக்கு டிவிடியாக இருந்தால் முதல் அடுக்கு எந்தச் செக்டரில் முடிகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கம் நீலமாக இருந்தால் அது சிடி. அப்போது முன்பு சொன்ன முறைப்படி முழுச் செக்டரும் எடுக்க வேண்டும். ரீடம்பர் இப்போது பிளெக்ஸ்டர் அல்லாத சில டிரைவ்களிலும் நன்றாக வேலை செய்கிறது. கட்டளை வரியைப் பார்த்து மிரள வேண்டாம், எம்பிஎஃப் என்ற முகப்பு மென்பொருள் இருக்கிறது. டிரைவையும் டிஸ்க் வகையையும் தேர்ந்தெடுத்தால் போதும்.

மற்ற கன்சோல்கள் எல்லாம் இவ்வளவு இணக்கமாக இருப்பதில்லை. டிரீம்காஸ்ட் கன்சோலின் டிஸ்க்கான ஜிடி-ரோமில் 45000ஆவது செக்டருக்கு மேல் அடர்த்தி அதிகமான பகுதி தொடங்குகிறது. கணினி டிரைவ் அங்கே ஏதோ இருக்கிறது என்றே அறியாது. பெரும்பாலும் கன்சோலைக் கொண்டே அதை வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது. வீ டிஸ்க்குக்கும் கிளீன்ரிப் என்ற நிரலைக் கன்சோலிலேயே ஓட்டுவதுதான் எளிய வழி. பிளேஸ்டேஷன் 3 டிஸ்க்கைச் சில புளூ-ரே டிரைவ்கள் படிக்கும். ஆனால் உள்ளே இருப்பது மறையாக்கம் செய்த தரவு, டிஸ்க்குக்குரிய சாவியையும் சேர்த்துச் சேமிக்காவிட்டால் அந்த நகல் எதற்கும் உதவாது.

எவ்வளவு துல்லியமாக எடுத்தாலும் எட்டாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிளேஸ்டேஷன் 1 டிஸ்க்கின் தொடக்கப் பகுதியில் தடமே நெளிந்து நெளிந்து, அந்த நெளிவில் எந்த வட்டாரத்துக்கான டிஸ்க் என்ற குறி எழுதியிருக்கும். கன்சோல் மட்டும்தான் அதைப் படிக்கும். கணினி டிரைவுக்கு அது வெறும் தடம். எனவே நகல் எடுத்த பிறகும் டிஸ்க் முக்கியம்தான்.


நூலகத்தூண் எழுதியது:

நூலகத் துறையில் இருப்பவள் என்ற முறையில் சட்டப் பக்கத்தைச் சொல்ல வேண்டும். இங்கே பலருக்குத் தேவையற்ற பயமும் இருக்கிறது, தேவையற்ற துணிச்சலும் இருக்கிறது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் பிரிவு 52(1)(ஏஏ), கணினி நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர் அது தொலைந்துபோகாமலும் கெட்டுப்போகாமலும் இருக்கத் தற்காலிகப் பாதுகாப்பாக நகல் எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. அந்த நிரல் எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதற்குப் பயன்படுத்துவதற்கு மட்டும். ஊருக்கெல்லாம் விநியோகிக்க இதில் இடமில்லை. 2012 திருத்தத்தில் வந்த பிரிவு 65ஏ, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பாதுகாப்பை உடைப்பதற்கு இரண்டாண்டு வரை சிறைத் தண்டனை என்கிறது. நோக்கம் என்ற சொல் அதில் முக்கியம்.

என்னை உறுத்துவது வேறொரு பிரிவு. 52(1)(என்), வணிக நோக்கமற்ற பொது நூலகம் ஒரு படைப்பைப் பாதுகாப்புக்காக மின்னணு வடிவில் சேமிக்கலாம் என்கிறது. ஆனால் அந்த நூலகத்திடம் அதன் டிஜிட்டல் அல்லாத பிரதி ஏற்கெனவே இருக்க வேண்டும் என்று நிபந்தனை. புத்தகத்துக்குப் பொருந்தும். விளையாட்டு டிஸ்க் பிறக்கும்போதே டிஜிட்டல்தானே? நூலகத்துக்கென்று திறந்த கதவு சரியாக இந்தப் பொருளுக்கு மூடியிருக்கிறது.

1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகமும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு வந்தாக வேண்டும். விளையாட்டு டிஸ்க்குக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. பிரான்சில் 1992ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வீடியோ விளையாட்டுகளும் தேசிய நூலகத்துக்குப் போகின்றன. ஜப்பானின் தேசிய டயட் நூலகம் 2000இலிருந்து பெட்டியில் விற்கும் மின்னணு வெளியீடுகளைச் சேர்க்கிறது. கோலிசோடா சொன்ன ஹைதராபாத் விளையாட்டை வாங்கி அடுக்கி வைக்க வேண்டும் என்ற சட்டக் கடமை இங்கே எந்த அலமாரிக்கும் இல்லை. மஞ்சள்வெயில், அருங்காட்சியகத்தின் வேலையை நாம் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள். அந்த அருங்காட்சியகம் நம்மிடம் இல்லை என்பதுதான் பதில்.

வெளிநாட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை. அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. விற்பனையில் இல்லாத விளையாட்டுகளை ஆய்வாளர்கள் நூலகத்துக்கு நேரில் வராமல் தொலைவிலிருந்து பார்க்க அனுமதி கேட்டார்கள். 2024 அக்டோபரில் அங்குள்ள பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது.


மஞ்சள்வெயில் எழுதியது:

நூலகத்தூண் அக்கா, நீங்கள் சொன்ன பதில் எனக்குப் போதும். விற்பனைப் பகுதியில் போட்டிருந்த என் பதிவை எடுத்துவிட்டேன். ஒவ்வொரு டிஸ்க்காக எண்ணை ஒப்பிட்ட பிறகுதான் இனி விற்பனை. ஆனால் புதிய டிஸ்க்குகளைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். பிளேஸ்டேஷன் 5 டிஸ்க்கைப் போட்டால் முதல் நாளே பல ஜிபி இறங்குகிறதே, டிஸ்க்கை மட்டும் எடுத்து என்ன பயன்?


வட்டுப்பெட்டி எழுதியது:

பயன் உண்டு, ஆனால் அரைப் பயன். டிஸ்க்கில் இருப்பது தொழிற்சாலைக்கு அனுப்பிய நாளின் நிலை. திருத்தங்கள் நிறுவனத்தின் சேவையகத்தில் இருக்கின்றன. 2023 மார்ச்சில் நின்டெண்டோவின் வீ யூ, 3டிஎஸ் இணையக் கடையும் 2024 ஜூலையில் எக்ஸ்பாக்ஸ் 360 கடையும் விற்பனையை நிறுத்தின. வாங்கியவர்களுக்கு இறக்கிக்கொள்ள இன்னும் வழி வைத்திருக்கிறார்கள், அது என்றைக்கும் இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. திருத்தக் கோப்புகளைப் பாதுகாப்பது தனிப் பெரிய விஷயம், தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

நகல் எடுத்த கோப்பை வெற்றுச் சிடியிலோ டிவிடியிலோ எழுதி வைக்காதீர்கள், அதன் சாயம் அசல் டிஸ்க்குக்கு முன்பே போய்விடும். இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க், முடிந்தால் ஒன்று வேறு வீட்டில். சுருக்கும் முன் எண்ணைக் குறித்து, விரித்துப் பார்த்து மறுபடி ஒப்பிடுங்கள்.

கோலிசோடா, உங்களுக்குத்தான் முக்கியமாக எழுதுகிறேன். கோப்பை எடுத்தால் மட்டும் போதாது, டிஸ்க்கின் குறியீடுகளையும் எழுத வேண்டும். டிஸ்க்கைத் திருப்பி நடுத்துளையைச் சுற்றியுள்ள கண்ணாடி போன்ற பட்டையைப் பாருங்கள். மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் ஒன்றும் தெரியாது. மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்து டிஸ்க்கை மெல்லச் சாய்த்துக்கொண்டே வாருங்கள். ஒரு கோணத்தில் எழுத்துகள் பளிச்சென்று எழும். அதில் மூலத் தகட்டின் எண் இருக்கும், பக்கத்தில் பட்டைக் கோடுகள் இருக்கும், ஐஎஃப்பிஐ என்று தொடங்கும் குறியும் இருக்கும். அதற்கும் உள்ளே, துளைக்கு அருகில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் இன்னொரு ஐஎஃப்பிஐ குறி புடைப்பாக இருக்கும். மிகச் சிறியது, பூதக்கண்ணாடி வேண்டும். அது அச்சு வார்த்த இயந்திரத்தின் குறி. முதலாவது எந்த மூலத்திலிருந்து வந்தது என்று சொல்லும், இரண்டாவது எந்த வார்ப்பில் வந்தது என்று சொல்லும். இடைவெளியையும் புள்ளியையும்கூட அப்படியே எழுதுங்கள். ஒரே அட்டை, ஒரே எண், ஆனால் உள்ளே திருத்திய பதிப்பு என்பது விளையாட்டுகளில் சாதாரணம். அதைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த வரிதான்.


கோலிசோடா எழுதியது:

விளக்கை வைத்துப் பார்த்துவிட்டேன் அண்ணா, நீங்கள் சொன்னபடியே தெரிகிறது. ஐந்து டிஸ்க்குக்கும் எழுதிவிட்டேன். இதே டிஸ்க்குகள் வேறு யாரிடமாவது இருக்கிறதா? ஒருவர் எடுத்தது மட்டும் சாட்சி ஆகாது என்று நீங்களே சொன்னீர்கள்.


உப்புக்காற்று எழுதியது:

ஹனுமான் என்னிடம் இருக்கிறது. அசல்தான், அட்டையோடு. அடியில் சில கீறல், மேல்பக்கம் சுத்தம். மெருகேற்றாமல் முதலில் அப்படியே படித்துப் பார்க்கிறேன். படித்துவிட்டால் இயந்திரத்தில் வைக்கவே மாட்டேன். என் எண்ணை இப்போது இங்கே போடட்டுமா?


வட்டுப்பெட்டி எழுதியது:

வேண்டாம். இருவரும் தனித்தனியாக எடுத்து முடியுங்கள், குறியீட்டு வரிகளையும் எழுதி முடியுங்கள். அதுவரை ஒருவர் எண் மற்றவருக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால், பொருந்தாதபோது "என் டிரைவில்தான் ஏதோ" என்று நினைத்துப் பொருந்தும்வரை மறுபடி மறுபடி எடுக்கத் தோன்றும். பிழை எங்கே வந்தது என்ற பதிவுக் கோப்பையும் அழிக்காமல் வையுங்கள். இருவரும் தயார் என்று சொன்ன பிறகு ஒரே நேரத்தில் போடுங்கள். பொருந்தினால் இருவர் பெயரிலும் ரீடம்புக்கு அனுப்பலாம். பொருந்தாவிட்டால் முதலில் குறியீட்டு வரிகளை ஒப்பிடுவோம், பிறகு எந்தெந்தச் செக்டர் வேறுபடுகிறது என்று செக்டர்75 பார்த்துச் சொல்வார்.